பதினொன்றரை மணிச் சாம்பார்

கொளஞ்சிக்கு மனத்தடை இருக்கிறது என்று முதன்முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் லாட்ஜ் ஓனர் காசிநாதன். அண்ணாமலை நகரில் அவருடைய லாட்ஜின் கீழ்த்தளத்தில் பதினெட்டு வருஷமாக மெஸ் நடத்துகிற கொளஞ்சிக்குச் சர்க்கரை இருந்தது, மூட்டுவலி இருந்தது, ஊரில் ஒரு பங்காளித் தகராறும் இருந்தது. மனத்தடை என்று ஒன்று தன்னிடம் இருப்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

"தெரியலல்ல? அதுக்குப் பேருதாம்பா மனத்தடை" என்றார் காசிநாதன். அதற்கு மேல் என்னத்தைப் பேசுவது?

விஷயம் இதுதான். அந்த மாசம் முப்பத்தொன்றாம் தேதியோடு மெஸ்ஸின் ஒப்பந்தம் முடிகிறது. லாட்ஜ் உரிமையாளர்கள் கூடி, இனிமேல் லாட்ஜுக்குள் கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் கடலூருக்குப் போய், 'தொழில்முனைவோர் அகக்கண் திறப்பு மற்றும் மனத்தடை அகற்றல் மைய'த்தில் மூன்று நாள் பயிற்சி எடுத்து, மனத்தடையின்மைச் சான்று வாங்கி வர வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். சான்று இருந்தால் ஒப்பந்தம் நீளும். இல்லாவிட்டால் அண்டா குண்டாவைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். காசிநாதன் தானே போய்ப் பயிற்சி எடுத்து, சான்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். நாற்பது அறைக்கு மூன்று பாத்ரூம் கட்டி, அதில் ஒன்றைப் பூட்டி வைத்திருக்கும் மனிதர் அவர். தங்கிப் படிக்கிற பசங்கள் ஏன் அடுத்த லாட்ஜுக்கு ஓடுகிறார்கள் என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் மனத்தடை கிடையாது, சான்று இருக்கிறது.

கொளஞ்சியும் மெத்தனமான ஆள் இல்லை. மத்தியானம் இருநூறு பேர் சாப்பிட்ட மெஸ்ஸில் இப்போது எழுபது பேர் உட்காருவதே அதிசயமாக இருந்தது. அவன் போர்டை மாற்றினான். பூசணிக்காயில் பூதம் வரைந்து கட்டினான். தட்டை எடுத்துவிட்டு வாழையிலை போட்டான். செல்போனில் சோறு வரவழைக்கிற பழக்கத்தைத் திட்டினான். இந்தக் காலத்துப் பசங்களுக்கு நாக்கு செத்துப்போச்சு என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் புலம்பினான். சமையலைப் பற்றி மட்டும் அவனுக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஏனென்றால் அதைத் தினமும் அவனே சோதித்தான்.

காலை பதினொன்றரைக்கு மூலை மேஜையில் ஃபேனுக்குக் கீழே கொளஞ்சி உட்காருவான். மாஸ்டர் ஆண்டி, சாமிக்குப் படைக்கிற மாதிரி பயபக்தியாக இலை போட்டு, ஆவி பறக்கச் சோறு வைத்து, முருங்கைக்காயும் சின்ன வெங்காயமுமாக அள்ளிச் சாம்பார் ஊற்றுவான். அப்பளம் அப்போதுதான் எண்ணெயிலிருந்து வந்திருக்கும். கொளஞ்சி கண்ணை மூடி ஒரு வாய் வைப்பான். தலையை ஆட்டுவான். "ம், தெறக்கலாம்" என்பான். அதற்கப்புறம்தான் வெளிக்கதவே திறக்கும். வகுப்பு விட்டுப் பசங்கள் வந்து சேர ஒன்றரை, இரண்டு ஆகிவிடும்.

அவன் சம்சாரம் ஜோதிலட்சுமி, பரிமாறுகிறவள் அவள்தான், பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள். "மாமா, ஒரே ஒரு நாளு ரெண்டு மணிப் பந்தியில ஒக்காந்து சாப்டு பாரு."

"நான் மொதல்ல சாப்புடறதே பசங்களுக்காகத்தான். ருசி பாக்காம படிக்கிற புள்ளைங்களுக்குப் போட்டுட முடியுமா?"

இப்படிச் சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் கேட்பான். ஜோதிலட்சுமி ஊற்றிவிட்டுப் போய்விடுவாள்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை பஸ் பிடித்து, கடலூரில் ஷேர் ஆட்டோ மாறி, மஞ்சக்குப்பத்தில் மையத்தைக் கண்டுபிடித்தான் கொளஞ்சி. வாசலுக்கு மேலே ஒரு பெரிய கண்ணைப் பெயிண்டில் வரைந்திருந்தார்கள். கண்ணின் கருவிழியில் ஏசி மெஷினைப் பொருத்தியிருந்ததால் அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. உள்ளே கிளார்க் வெண்மதி ஒரு படிவத்தை நீட்டினாள்.

படிவத்தில் இப்படி இருந்தது: 'உங்களுக்குத் தெரியாத உங்கள் குறைகள் ஐந்தினை வரிசைப்படுத்தி எழுதுக. தெரிந்த குறைகளை எழுதினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.'

கொளஞ்சி இரண்டு தடவை படித்தான். "ஏம்மா, தெரியாததை எப்பிடிம்மா எழுதறது?"

"எல்லாரும் எழுதிக் குடுத்துட்டுதான் சார் போயிருக்காங்க. போன பேட்ச் ஃபாரம் அந்த மேஜையில இருக்குது, பாத்து எழுதிக்குங்க."

அவன் பார்த்து எழுதினான். எழுதிக் கொடுத்ததும் அவள் அதைத் திருப்பித் தந்தாள். இந்த ஐந்து குறைகளும் மனுதாரருக்கு உண்மையிலேயே தெரியாது என்று பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரி ஒருவர் சான்று தர வேண்டுமாம்.

"இங்க எனக்கு யாரயும் தெரியாதேம்மா."

"அதான் சார் வேணும். தெரிஞ்சவரா இருந்தா பாரபட்சம் வந்துடும்ல?"

வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றிருந்த பெண்மணி பலமாகச் சிரித்தாள். தாழங்குடாவிலிருந்து வந்த ஜெயராணி அவள். கருவாட்டு மொத்த வியாபாரம். மார்க்கெட்டில் அவள் இடத்துக்கும் இந்தச் சான்றைக் கேட்கிறார்களாம். "வாண்ணே, போயித் தேடுவோம். நம்மளத் தெரியாத அதிகாரிக்கா பஞ்சம்?" என்றாள். பக்கத்துத் தெருவிலேயே ஒருவர் கிடைத்தார். படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

பத்தரைக்கு இயக்குநர் பொன்னுரங்கம் வந்தார். எழுந்து நிற்கச் சொன்னார்கள், நின்றார்கள். அவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மைக்கைத் தட்டிப் பார்த்து, பேச ஆரம்பித்த பிறகும் உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"தொழில் செய்கிறவனுக்கு மிகப்பெரிய எதிரி யார்? அவனேதான்! அவனுடைய பழக்கம், அவனுடைய நம்பிக்கை, அவன் கண்ணை மறைக்கிறது. நான் தொழில் எதுவும் செய்ததில்லை. ஆகவே எனக்குக் கண்ணை மறைக்க எதுவுமே இல்லை" என்றார். கைதட்டினார்கள். "இது நாற்பத்திரண்டாவது பேட்ச். இதுவரைக்கும் ஒரு புகாராவது வந்திருக்கிறதா? அதோ, என் அறைக்குள்ளே புகார்ப் பெட்டி வைத்திருக்கிறேன். சாவி எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. தேட வேண்டிய அவசியமே ஏற்பட்டதில்லை!"

அதற்கும் கைதட்டினார்கள். நின்றுகொண்டிருப்பவர்களுக்குக் கைதட்டுவது ஒன்றுதான் கொஞ்சம் உடம்பை அசைக்க வழி.

அடுத்தது 'தன்னைத்தான் காணல்'. ஆள் உயரத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடி. ஒவ்வொருவராக அதன் முன்னால் நின்று தெரிவதைச் சொல்ல வேண்டும். கண்ணாடி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தாலும், ஆடிட் முடியாததால் அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை.

"என்ன தெரிகிறது?" என்றார் இயக்குநர்.

"கவர் தெரியுது சார்" என்றான் கொளஞ்சி.

"பார்த்தீர்களா! கண்ணாடி முன்னால் நின்றும் இவருக்கு இவர் தெரியவில்லை. இதைத்தான் நான் மனத்தடை என்கிறேன்."

ஜெயராணி முறை வந்தபோது, "நல்லா லட்சணமா தெரியறேன் சார்" என்று ஒரே போடாகப் போட்டாள். அவளுக்குப் பத்துக்குப் பத்து மார்க் விழுந்தது. கொளஞ்சிக்கு இரண்டு.

மறுநாள் புதன்கிழமை. மூடநம்பிக்கைகளை எரிக்கும் நிகழ்ச்சி. அவரவர் தொழிலில் பிடித்துவைத்திருக்கும் பழைய நம்பிக்கையை ஒரு தாளில் எழுதி, முற்றத்தில் வைத்திருக்கும் தகரத்தில் போட்டுக் கொளுத்த வேண்டும். பன்னிரண்டு மணிக்கெல்லாம் எழுதி முடித்துவிட்டார்கள். ஆனால் புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரைக்கும் ராகுகாலம். அந்த நேரத்தில் நெருப்பு வைத்தால் மையத்துக்கு ஆகாது என்று இயக்குநர் சொல்லிவிட்டார். மூடநம்பிக்கைகள் எல்லாம் தகரத்திலேயே கிடந்தன. பயிற்சி பெறுகிறவர்கள் வெயிலில் தகரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நேரம் வீணாகக் கூடாதென்று இயக்குநரும் விருந்தினர்களும் அதற்குள் சாப்பிட்டு முடித்தார்கள். பிறகு ஆபீஸ்காரர்கள் சாப்பிட்டார்கள். பிறகு டிரைவர்கள்.

ஒன்றரைக்குக் கொளுத்தி, புகைக்குள் நின்று போட்டோ எடுத்து, இவர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது மணி இரண்டரை. 'உணவு மிகச் சிறப்பாக இருந்தது' என்ற படிவத்தில் காலை பத்து மணிக்கே கையெழுத்து வாங்கிவிட்டிருந்தார்கள்.

கொளஞ்சிக்கு நல்ல பசி. இலையில் விழுந்த சோறு கரண்டி வடிவத்திலேயே நின்றது. பிசைந்தால் உதிரவில்லை, கட்டியாகப் புரண்டது. சாம்பார் என்று சொல்லி ஊற்றியதில் மஞ்சள் நிறத் தண்ணீர் இலையின் நான்கு பக்கமும் ஓடியது. காய் என்று பார்த்தால் முருங்கைக்காயின் நார் ஒன்று கிடந்தது. அப்பளத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. கொளஞ்சிக்குக் கோபம் தலைக்கேறியது.

"சோறாய்யா இது? மனுசன் திம்பானா? இதக் கேக்க ஆளே இல்லயா?"

"யாரப் போயி கேப்ப?" என்றாள் பக்கத்து இலை ஜெயராணி. அவள் பையிலிருந்து வறுத்த நெத்திலிக் கருவாடு எடுத்துத் தன் இலையில் பாதி, அவன் இலையில் பாதி போட்டாள். "அவுங்க சாப்டப்ப நல்லாத்தான் இருந்திருக்கும். வாசனை வெளிய வரைக்கும் வந்துதே. ஏண்ணே, நீதான் மெஸ்காரனாச்சே, ஒன் கடையில இந்நேரத்துக்கு வர்றவனுக்கு என்னா போடுவ?"

"எங்க மெஸ்ஸுல சாம்பாருன்னா அது சாம்பாரு! தெனம் நானே மொத ஆளா ஒக்காந்து..."

மொத ஆளா. பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் இரண்டு மணிக்குச் சாப்பிட்டதில்லை. அவன் மெஸ்ஸில் சாப்பிடுகிறவன் எவனும் ஒரு நாள்கூடப் பதினொன்றரைக்குச் சாப்பிட்டதில்லை. இரண்டும் வேறு வேறு சாப்பாடு. கையைக் கழுவாமலே எழுந்துபோய் இடது கையால் போனைப் போட்டான்.

"ஜோதி, இப்ப பந்தியில சாம்பாரு எப்பிடி இருக்குது?"

"எப்பிடி இருக்கும்? தெனம் இருக்கற மாதிரிதான். மூணு வாட்டி வெந்நி ஊத்தியாச்சி."

"ஏன் ஊத்துறீங்க?"

"நீ பதினொன்றரைக்குச் சாப்புடணும்னு மாஸ்டரு பதினோரு மணிக்கே எல்லாத்தயும் எறக்கிப் பழகிட்டாரு, நீ இல்லாட்டியும் அதேதான். ரெண்டு மணிக்குள்ள அது களியா எறுகிடுது. வெந்நி ஊத்தாம கத்தியாலயா வெட்டிப் போடறது?"

"இத ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நான் சொல்லல?" என்றாள் ஜோதிலட்சுமி. அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள். கொளஞ்சிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பசங்களை விரட்டியது செல்போனும் இல்லை, கண் திருஷ்டியும் இல்லை. அவனுடைய நாக்குக்காக ஒரு சமையலறையே நேரம் மாறிச் சமைத்து, நூற்று முப்பது பேரைத் துரத்திவிட்டிருக்கிறது.

வியாழக்கிழமை நேர்காணல். கொளஞ்சி மனநிறைவோடு போனான். மையத்தில் என்ன கூத்து நடந்தாலும் இங்கே வந்துதானே கண் திறந்தது என்று உண்மையிலேயே நன்றியாக இருந்தது அவனுக்கு. இயக்குநரிடம் ஒன்று விடாமல் சொன்னான். இயக்குநர் கேட்டுவிட்டு வெண்மதியைப் பார்த்தார். வெண்மதி பட்டியலைப் பார்த்தாள்.

"சார், அங்கீகரிக்கப்பட்ட மனத்தடைகள் மொத்தம் பதினாலு. 'முதலில் சாப்பிடுதல்' அதுல இல்ல சார்."

"பட்டியலில் இல்லாத மனத்தடை உங்களுக்கு எப்படி வரும்?" என்றார் இயக்குநர். "இருக்கிறதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எது பாக்கி இருக்கிறது?"

"'மாற்றத்திற்கு அஞ்சுதல்'ல மூணு எடம் காலியா இருக்குது சார். இலக்கு முடியல."

"நல்லதாகப் போயிற்று. எனக்கு மாற்றத்தைக் கண்டு பயம் இருந்தது, இங்கே வந்து போய்விட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சான்று தயாராக இருக்கிறது."

முன்னாலேயே நேர்காணல் முடிந்து கதவோரத்தில் நின்ற ஜெயராணிக்குச் சான்று கிடைத்திருந்தது. அவளுக்கு ஒதுக்கியது 'பெண்களின் திறமையைக் குறைத்து மதிப்பிடுதல்'. "எதுவா இருந்தா என்னாண்ணே, கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன். என் எடம் நிக்கணும்ல?" என்று அங்கிருந்தே கிசுகிசுத்தாள்.

கொளஞ்சியும் பேனாவை எடுத்தான். முப்பத்தொன்றாம் தேதி கண்முன்னால் நின்றது. பதினெட்டு வருஷத்து அடுப்பு, ஆறு வேலைக்காரர்கள், ஜோதிலட்சுமி. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். போட்டிருப்பான். ஆனால் சரியாக அந்த நேரத்தில் ஆபீஸ் ஆள் வந்து, "சார், சாப்பாடு ரெடி, சூடா இருக்குது" என்றான். மணி பன்னிரண்டே கால். கொளஞ்சிக்கு என்ன தோன்றியதோ, நேற்றுத் தான் பட்டதை இன்னொரு மனிதனும் பட்டுத் தெளியட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வாயை விட்டுவிட்டான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்கு ஒரு நாளு நீங்க எங்ககூட கடைசிப் பந்தியில சாப்புடுங்க சார்."

வெண்மதி தலையைக் குனிந்துகொண்டாள். இயக்குநருக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது.

"நாங்கள் முதலில் சாப்பிடுவதே உங்களுக்காகத்தானே! ருசி பார்க்காமல் பயிற்சி பெற வந்தவர்களுக்குப் போட்டுவிட முடியுமா?"

அது கொளஞ்சியுடைய சொல். ஆள்தான் வேறு, அர்த்தம் மாறவில்லை. இந்தச் சொல்லுக்குப் பதில் கிடையாது என்பது அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும், பதினெட்டு வருஷமாக ஜோதிலட்சுமிக்குப் பதில் கிடைக்காமல் பார்த்துக்கொண்டவன் அவனல்லவா? இதைச் சொல்கிறவன் பொய் சொல்வதில்லை. மனசார நம்பித்தான் சொல்கிறான். அதனால்தான் எந்தச் சொல்லும் அவனுக்கு ஏறாது. கொளஞ்சி பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தான்.

அவன் படிவத்தில் வெண்மதி இப்படி எழுதி முத்திரை குத்தினாள்: 'மனத்தடை நீங்கவில்லை. பிறர் உண்பதைக் கவனிக்கும் பழக்கம் உள்ளது. சான்று மறுக்கப்படுகிறது.'

காசிநாதன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். "ஒரு மூணு நாளு ஒழுங்கா ஒக்காந்து வர முடியலயே ஒன்னால. நான் என்னா பண்ண முடியும்?" என்றார். மெஸ் இடம் கேட்டரிங் மணிவண்ணனுக்குப் போனது. மையத்துக்கே சோறு போடுகிறவர் அவர்தான். முதல் பேட்ச்சிலேயே சான்று வாங்கியவர். ஒன்றாம் தேதி புது மெஸ் திறந்தபோது காசிநாதன் பதினொன்றரைக்கு முதல் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, "சாம்பார்னா இதுதான்யா சாம்பார்" என்று எல்லோரிடமும் சொன்னார்.

கொளஞ்சி இரண்டு நாள் படுத்துக் கிடந்தான். மூன்றாம் நாள் ஜோதிலட்சுமியே போய், பின்தெருவில் சைக்கிள் கடை இருந்த தகரக் கொட்டகையைப் பேசி முடித்துவிட்டு வந்தாள். ஆறு பேரில் ஆண்டியும் ஒரு பெண்ணும் மட்டும் கூட வந்தார்கள். மற்ற நான்கு பேரும் மணிவண்ணனிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் கொளஞ்சிக்கு வாய் வரவில்லை.

கொட்டகையில் போர்டு இல்லை, ஃபேன் இல்லை. அடுப்பு பன்னிரண்டரைக்கு ஒரு தரம் ஏறும், ஒன்றரைக்கு இன்னொரு தரம் ஏறும். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஜோதிலட்சுமி அரிசி போடச் சொல்வாள். "நான் கடைசியாத்தான் சாப்புடுவேன்" என்று கொளஞ்சி முதல் நாளே சொல்லிவிட்டான். முதல் வாரம் இருபது பேர் வந்தார்கள். கடைசியில் அவனுக்கும் வயிறாரச் சாப்பாடு மிஞ்சியது, இன்னும் ஆள் வரவில்லையே என்று அதை அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றான். மூன்றாவது வாரத்தில் பெஞ்ச் போதாமல் பசங்கள் மதில் சுவரில் இலையை வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை இரண்டே முக்காலுக்குக் கொளஞ்சி கையைக் கழுவிக்கொண்டு வந்து, தானே இலையை விரித்து உட்கார்ந்தான். காலையிலிருந்து நின்றதில் கால் முட்டி கழன்றுவிடும் போல இருந்தது. ஜோதிலட்சுமி அண்டாவைச் சாய்த்துக் காட்டினாள். உள்ளே ஒரு பருக்கை இல்லை. சாம்பார்க் குண்டானை யாரோ சோறு போட்டுப் புரட்டி வழித்திருந்தார்கள்.

"இன்னைக்குமா?" என்றான். பசியில் கோபம் வந்தது. "கடையோட ஓனருக்கு ஒரு கரண்டி எடுத்து மூடி வச்சா என்னா கொறஞ்சிடும்?"

"எடுத்து வச்சா அதுதான் மாமா மறுபடியும் மொதப் பந்தி" என்றாள் ஜோதிலட்சுமி.

கொளஞ்சி இலையை மடித்தான். தெருமுனை டீக்கடைக்கு நடந்துபோய் இரண்டு பன் வாங்கி, டீயில் நனைத்துத் தின்றுவிட்டு வந்தான்.